மெக்கானிக்கைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் கோளாறு!

டாக்டரைப் பார்த்ததும் பல்வலி பறந்துவிடும் என்பார்கள். 15 வருடம் ஓடிய கார்களுக்கும் அந்தக் குணம் உண்டு. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்று நான்கு முறை முயன்றால் திடீரென்று ஸ்டார்ட் ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினாலோ, ஒவ்வொரு முறையும் ஜோராக உறுமும்.

பணம் கரைய ஆரம்பிப்பது இங்கேதான். முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். சில நாள் நன்றாக ஓடும். மறுபடி அதே 'டிக்'. அடுத்து செல்ஃப் மோட்டார், பிறகு இக்னிஷன் சுவிட்ச். இவ்வளவு செலவழித்த பிறகும், நள்ளிரவில் யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக இந்த வண்டியை நம்பலாமா என்ற பயம் போகாது.

பாகங்களை மாற்றுவதற்கு முன் செய்யவேண்டியது, ஒரு நோட்டில் குறித்து வைப்பது. கோளாறு எப்போது வருகிறது? மழை பெய்த மறுநாளா? அப்படியானால் ஃபியூஸ் பாக்ஸிலோ கப்ளரிலோ ஈரம் இருக்கலாம். நெடுந்தூரம் ஓடி, சூடான பிறகா? ரிலே, செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்கவேண்டும். மேடு பள்ளத்தில் குலுங்கும்போதா? எங்கோ ஒரு இணைப்பு லூஸ்.

இன்னொரு எளிய சோதனை: ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரி, அதன் டெர்மினல்கள், எர்த் ஒயர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். வெளிச்சம் குறையாமல், சத்தமும் வராமல் இருந்தால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, செல்ஃபுக்குப் போகும் சின்ன ஒயர் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

பழைய கார்களில் அதிகம் ஏமாற்றுவது எர்த் இணைப்பு. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த ஒயர் அது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வருகிற வழியும் அதுதான். செல்ஃப் அடிக்கும்போது 100 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் ஓடும். துருவினால் அந்த வழியில் வெறும் 0.01 ஓம் தடை ஏற்பட்டாலே 1 வோல்ட் காணாமல் போகும். இவ்வளவு சின்னத் தடை சாதாரண மல்டிமீட்டரில் தெரியாது. இழைகள் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சிய ஒயரைக்கூட, மீட்டர் 'பீப்' அடித்து நல்ல ஒயர் என்று சொல்லிவிடும்.

அதனால், மின்சாரம் ஓடும்போதுதான் சோதிக்கவேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள்ள வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும் மறுமுனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் தொட்டுக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். துப்பட்டா, தலைமுடி எதுவும் ஃபேன், பெல்ட் அருகே போகக்கூடாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில்தான் கோளாறு. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, இணைப்புகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கமாக முடுக்கினாலே பல கார்கள் சரியாகிவிடும்.

பேட்டரி, சார்ஜிங் இரண்டையும் அதே மீட்டரில் பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற காரில் சுமார் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் கவலையில்லை.

ஒரு எச்சரிக்கை. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியர் இடத்தில் 20 ஆம்பியரைச் செருகுவதோ, செம்புக்கம்பியைச் சுற்றுவதோ கூடவே கூடாது. அதன்பிறகு ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும். கார் தீப்பிடிக்கவும் அதுவே வழி.

எலெக்ட்ரீஷியனிடம் போகும்போது 'பேட்டரியை மாத்துங்க' என்று சொல்லாமல், குறித்துவைத்த நோட்டைக் காட்டுங்கள். எங்கே கைவைப்பது என்று தெரிந்துவிட்டால் அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பணம் மிச்சம்.