அவளுக்கு மட்டும் தனிக் கிண்ணமா?

விருந்துக்கு வந்த ஒரு குழந்தையின் முன்னால் மட்டும் வேறு கிண்ணத்தை வைப்பது நமக்குக் கரிசனமாகத் தோன்றலாம். அந்தக் குழந்தைக்கு அப்படித் தோன்றுவதில்லை.

என் தங்கையின் பேத்திக்கு ஒன்பது வயது. அவளுக்குக் கோதுமை ஆகாது. சித்திரை மாதத்தில் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தோம். பந்தியில் எல்லோருக்கும் ரவா கேசரியும் சேமியாப் பாயசமும் பரிமாறினார்கள். இவளுக்கு மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு பிஸ்கோத்துகள் வந்தன. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பொட்டலத்திலிருந்து எடுத்தவை. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வீட்டுக்காரர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் குழந்தையோ பிஸ்கோத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்த வீட்டுக் கூடத்து மூலையில் ஒரு கூடை மாம்பழமும் ஒரு முழுப் பலாப்பழமும் இருந்தன! சமையற்கட்டில் அரிசி உண்டு, வெல்லம் உண்டு, தேங்காய் உண்டு. இவற்றில் எதிலும் கோதுமை கிடையாது. ஊருக்கே ஒரே பாயசமாக வைத்திருந்தால், தனிக் கிண்ணத்துக்கு வேலையே இருந்திராது.

குளூட்டன் என்றால் என்னவோ ஏதோ என்று பயப்பட வேண்டாம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி இழுக்கும்போது அது அறுந்து போகாமல் துணிபோல் விரிகிறது அல்லவா? அந்த இழுவையைக் கொடுக்கும் புரதம்தான் குளூட்டன். கோதுமையிலும் பார்லியிலும் இந்த வகைப் புரதம் இருக்கிறது. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை முதலியவற்றில் இல்லை. சீலியாக் என்னும் நோய் உள்ளவர்களுக்கு இது சிறுகுடலின் உட்சுவரைப் பாழாக்கிவிடுகிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, குழந்தை வளராது. மருந்து கிடையாது. ஆயுள் முழுவதும் அந்தத் தானியங்களை விலக்குவது ஒன்றே வழி. வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு என்கிறார்கள். தெற்கே அதைவிடக் குறைவுதான். ஆனால் நம் வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால், குறைவு என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

இந்த நோயின் சரித்திரத்திலேயே பழத்துக்கு ஓர் இடம் உண்டு. 1924-ல் நியூயார்க் டாக்டர் சிட்னி ஹாஸ் என்பவர் இக்குழந்தைகளுக்கு ரொட்டியை நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை ஏராளமாகக் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழமே மருந்து என்று வெகுகாலம் நம்பினார்கள். ஹாலந்து தேசத்து டாக்டர் வில்லெம் டிக்கே என்பவருக்குக் கோதுமையின் மேல்தான் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், யுத்தப் பஞ்சத்தால் அங்கே ரொட்டி கிடைக்காமல் போயிற்று. ஊரெல்லாம் வாடியபோது இந்த நோயாளிக் குழந்தைகள் மட்டும் தெளிந்தார்கள். ரொட்டி திரும்பி வந்தது. நோயும் திரும்பி வந்தது. 1950-ல் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். வாழைப்பழம் செய்த நன்மை, அது ரொட்டியாக இல்லாமல் இருந்ததுதான்!

இப்போது சிலர் உடம்பு இளைக்க வேண்டுமென்று தாமாகவே கோதுமையை விட்டுவிடுகிறார்கள். அது அவரவர் இஷ்டம். ஆனால் நோய் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், முதலில் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால் பரிசோதனையில் உண்மை தெரியாமல் போய்விடும். மேலும், நான் கீழே சொல்லப்போகும் பட்சணங்களைச் சாப்பிட்டு யாரும் இளைக்க மாட்டார்கள்.

பிறர் வீட்டைக் குறை சொன்னேனே, என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரம் அவளை வரவழைத்துப் பலாப்பழ இலை அடை செய்து கொடுத்தேன். அரிசி மாவுதானே என்று தைரியம். சாயங்காலம் ஆசையாக நாலு அடை தின்றாள். இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். இரண்டு முறை வாந்தி. நான் செய்த பிழை என்ன? அரிசியை மாவு மில்லில் அரைத்து வந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துக்கொண்டு போனார்! ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே 'இல்லாதது' என்று பொட்டலத்தில் போடக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மில்லில் ஒட்டியிருக்கும் மாவு அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கும். 'பெரியம்மா பாட்டி செய்ததுதானே' என்று நம்பித் தின்ற குழந்தை அவள்.

ஆகவே மாவை வீட்டிலேயே தயார் செய்யுங்கள். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே மிக்ஸியில் பொடிக்க வேண்டும். மைதா சலித்த சல்லடையைத் தொடாதீர்கள். புதிதாக ஒரு சல்லடை வாங்கி, இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கரண்டிக்கும் இதே நியாயம்தான்.

நன்றாகப் பழுத்த பலாச்சுளை பதினைந்தைக் கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்குங்கள். ஒரு கிண்ணம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அதில் சுளையைப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். தேங்காய்த் துருவல், ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது நெய். ஆறியதும், அது ஏற்கிற அளவு அரிசி மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீரே வேண்டாம். வாட்டிய வாழையிலையில் தட்டி, மடித்து, இருபது நிமிஷம் ஆவியில் வேகவைத்தால் இலை மணமும் பலா மணமும் தெருக்கோடி வரை போகும். கன்னியாகுமரிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுடைய சக்கைப் பிரதமனுக்கு மாவுகூட வேண்டாம். பலாவும் வெல்லமும் தேங்காய்ப் பாலும் போதும்.

மாம்பழத்துக்கு ஜவ்வரிசி நல்ல ஜோடி. அது மரவள்ளிக் கிழங்கின் மாவு, கோதுமைக்குச் சம்பந்தமில்லை. ஜவ்வரிசியைக் கண்ணாடி போல வேகவைத்து, வெல்லப்பாகு விட்டு இறக்கிவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகே கெட்டித் தேங்காய்ப் பாலும் இரண்டு மாம்பழத்தின் சாறும் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டில் விட்டால் திரிந்துபோகும். நுங்குக்கு அடுப்பே வேண்டாம். தோல் உரித்து நறுக்கி, தேங்காய்ப் பாலில் போட்டு, பனங்கற்கண்டைப் பொடித்துத் தூவினால் சரி.

கோடையில் உடம்புச் சூட்டுக்கு நல்லதென்று பார்லிக் கஞ்சி கொடுப்பது நம் வழக்கம். மற்றவர்களுக்குச் சரி, இக்குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது. மால்ட் கலந்த பானங்களும் அப்படியே.

வைகாசியில் மறுபடியும் இலை அடை செய்தேன், இந்தத் தடவை வீட்டு மாவில். அவள் அம்மா தயங்கினாள், நியாயம்தானே? நான் மாவு இடித்ததையும் சல்லடை வாங்கியதையும் ஒன்றுவிடாமல் சொன்ன பிறகே சம்மதித்தாள். ஒரே தட்டிலிருந்து எட்டுக் குழந்தைகளும் எடுத்துத் தின்றார்கள். கடைசி அடைக்காக இவள் தன் அண்ணனோடு சண்டை போட்டாள்.

மீந்த பலாக்கொட்டையைக் கொட்டிவிடாதீர்கள். மறுநாள் சாம்பாருக்கு ஆகும். ஆனால் அதில் பெருங்காயம் போடுமுன் டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது.