முட்டு எடுக்க என்ன அவசரம்?

உத்திரமேரூர்னு சொன்னாலே வெளியூர்க்காரங்க குடவோலைன்னு ஆரம்பிச்சிடுவாங்க. பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும் கல்லுல வெட்டி வச்ச விதி. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், கணக்கு காட்டாதவன் திரும்ப வர முடியாது... பெருமைதான், இல்லேங்கல. ஆனா இன்னிக்கு அதே ஊரைச் சுத்தியிருக்கிற கிராமத்துல ஒருத்தர் வீட்டுக்கு தளம் போட்டா, கீழ நிக்கிற முட்டு சரியா இருக்கா, எப்ப பிரிக்கலாம்னு வந்து பாக்க ஒரு ஆள் கிடையாது. மேஸ்திரி சொல்றதுதான் கல்வெட்டு.

மேட்டர் சென்ட்ரிங் பத்தி. கம்பி எத்தனை எம்எம், சிமென்ட் எந்தக் கம்பெனின்னு நோண்டி நோண்டிக் கேக்கிற நம்ம ஜனம், சென்ட்ரிங்குன்னு வந்தா மட்டும் நாளைக் குறைக்கப் பேரம் பேசுது. கம்பியும் சிமென்டும் வீட்டோட தங்கிடும். சீட்டும் சவுக்குக் கட்டையும் லாரி ஏறி போயிடும். போற பொருளுக்கு எதுக்கு தண்டமா வாடகைங்கிற நினைப்பு.

தண்டமா? 1000 சதுர அடி வீடு, 5 அங்குல கனம்னு வச்சுக்குங்க. கிட்டத்தட்ட 12 கன மீட்டர் கான்கிரீட். கம்பியோட சேத்து கன மீட்டருக்கு 2500 கிலோ. ஆக 29 டன்னுக்கு மேல. மேல நடக்கிற ஆளுங்க, வைப்ரேட்டர் ஆட்டம் எல்லாம் தனி. கான்கிரீட் இறுகுற வரைக்கும் உள்ள இருக்கிற கம்பி சும்மா படுத்திருக்கு, அவ்வளவுதான். மொத்த பாரமும் சவுக்குக் கட்டை தலையில.

அந்தக் கட்டை எதுமேல நிக்குதுன்னு குனிஞ்சு பாத்திருக்கீங்களா? நான் பாத்த பல வீட்டுல, நேத்து கொட்டி நிரப்பின மண்ணு மேல நிக்கும். உயரம் பத்தலேன்னா அடியில ரெண்டு செங்கல். எங்க பக்கம் ஏரிப்பாசன பூமி, நிறைய இடத்துல களிமண். மழை பெஞ்சாலோ, மேல பாத்தி கட்டின தண்ணி ஒழுகினாலோ முட்டு அரை அங்குலம் இறங்கும். அடியில அகலமா ஒரு பலகை, ரெண்டு பக்கமும் குறுக்குக் கட்டை. பெரிய செலவா இது?

இப்ப நாள் கணக்கு. ஐஎஸ் 456 விதிப்படி, தளத்தோட ஸ்பான் 4.5 மீட்டருக்குள்ள இருந்தா முட்டை எடுக்க 7 நாள், அதுக்கு மேல போனா 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14, அதைத் தாண்டினா 21. இந்த "7 நாள்" மட்டும் எல்லா மேஸ்திரிக்கும் மனப்பாடம். ஆனா அந்தக் கணக்கு சாதா போர்ட்லாண்ட் சிமென்டுக்கு, அதாவது ஓபிசிக்கு. வேற சிமென்ட்னா நாளை மாத்திக்கச் சொல்லி அங்கேயே போட்டிருக்கு. கிராமத்துக் கடையில கேட்டா பெரும்பாலும் எடுத்துக் குடுக்கிறது பிபிசி, சாம்பல் கலந்தது. நல்ல சிமென்ட்தான், குறை சொல்லல. ஆனா ஆரம்பத்துல மெதுவா ஏறும். 7 நாள்ல 43 கிரேடு ஓபிசிக்கு 33 மெகாபாஸ்கல் வலு வரணும். பிபிசிக்கு 22 வந்தாலே பாஸ். மூட்டை மேல என்ன போட்டிருக்குன்னு படிக்காம விரல் விட்டு நாள் எண்ணி என்ன பிரயோஜனம்?

"சார், தட்டிப் பாத்தேன், கணீர்னு இருக்கு"ம்பாரு மேஸ்திரி. அவருக்கு அடுத்த சைட்டுக்கு சீட்டு வேணும். தை மாசம் பொறந்துட்டா ஊர் முழுக்க ஒரே நேரத்துல தளம். அவரை மட்டும் சொல்லியும் குத்தமில்ல, சதுர அடி ரேட்டை அடிச்சுக் குறைச்சது நாமதானே.

மௌலிவாக்கத்துல 2014ல 61 பேர் போனதை நாம மறக்கல. அது டிசைன் கோளாறு, வேற கதை. முட்டு அவசரத்துக்கு உதாரணம் அமெரிக்காவுல இருக்கு. வர்ஜீனியாவுல ஸ்கைலைன் பிளாசா, 1973 மார்ச் 2. மேல 24வது தளத்துக்கு கான்கிரீட் வேலை நடக்கும்போது 23க்கு அடியில இருந்த முட்டை சீக்கிரம் எடுத்துட்டாங்க. 14 தொழிலாளிங்க செத்தாங்க. நம்ம ஊர்ல 24 மாடி ஏதுன்னு சிரிக்காதீங்க. கீழ் தளம் முழுசா இறுகறதுக்குள்ள அதுமேலயே முட்டு நட்டு மாடி போடறவங்க இங்கயும் இருக்காங்க.

எனக்கு ரொம்ப பயம் சன்ஷேடும் பால்கனியும்தான். தளத்துக்கு நடுவுல ஆரம்பிச்சு சுவத்துப் பக்கமா முட்டை எடுக்கணும். சன்ஷேடுக்கு தலைகீழ், நுனியில ஆரம்பிச்சு சுவத்துப் பக்கம் வரணும். அதுல கம்பி மேல்பக்கம் இருக்கு. நுனி முட்டை விட்டுட்டு மத்ததை உருவினா நடுவுல கீழ்ப்பக்கம் விரிசல் விடும், அங்க தாங்க கம்பி கிடையாது. பின்னாடி சுவர் ஏறி பாரம் உக்காராம சன்ஷேடு முட்டைத் தொடவே கூடாது. ஆப்பைத் தட்டுற பையன் நிக்கிறது நேர் கீழ.

எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு இந்த வாரம் பிரிக்கப் போறாங்களாம். பிபிசி மூட்டை, எட்டு நாள்தான் ஆச்சு. 14 நாள் ஆகட்டும்ணேன்னு சொல்லியிருக்கேன். "வாடகையை நீ குடுக்கிறியா?"ன்னு கேட்டாரு. பாதி குடுக்கறேன்னுட்டேன். யோசிச்சு சொல்றேன்னிருக்காரு.