மோட்டார் தண்ணீருக்கு மேலா, அடியிலா?

1881 மே மாதம் பாரிஸில் சேன் ஆற்றில் குஸ்தாவ் த்ரூவே ஓட்டிக்காட்டிய மின்படகில் மோட்டார் சுக்கானின் உச்சியில் இருந்தது, புரொப்பெல்லர் தண்ணீருக்கடியில். நடுவே ஒரு சங்கிலி. மோட்டாரை எங்கே வைப்பது, அதன் சுழற்சியை எப்படிக் கீழே இறக்குவது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது. இன்று பேச்செல்லாம் பேட்டரியைச் சுற்றியே நடக்கிறது. நம் கடற்கரைக்கு த்ரூவேயின் கேள்விதான் முதல் கேள்வி என்பேன்.

படகின் பின்புறத்தில் மாட்டும் பெட்ரோல் அவுட்போர்டில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. காற்றை உறிஞ்ச வேண்டிய எஞ்சின் மேலேதான் இருந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் அதன் வேகத்தை அடியிலுள்ள பற்சக்கரங்கள் ஏறக்குறையப் பாதியாக்கித் தருகின்றன. பின்னால் போகத் தனி கியர். மின்மோட்டாருக்கோ காற்று வேண்டாம், தானே எதிர்த்திசையிலும் சுழலும். அதனால் சிறிய மின் அவுட்போர்டுகள் பலவற்றில் மோட்டாரே தண்ணீருக்குள் போய்விட்டது. சுற்றி ஓடும் நீர் அதைக் குளிர்விக்கிறது, சத்தமும் குறைவு.

ஆனால் நீருக்குள் இருப்பது ஒல்லியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே படகை இழுத்துப் பிடிக்கும். ஒல்லியான மோட்டாருக்கு முறுக்குவிசை போதாது: விட்டம் பாதியானால், அதே நீளத்தில் விசை ஏறக்குறையக் கால்பங்குதான். சுமைப் படகுக்குச் சிக்கனமானதோ மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பெல்லர். அது கேட்பது முறுக்குவிசையை. ஜெர்மனியின் டார்கீடோ பல மாதிரிகளில் வேகமான மோட்டாரோடு ஒரு கியரைச் சேர்த்தது. ஹாங்காங்கின் இபுரொபல்ஷன், ஸ்பிரிட் 1.0 மாதிரியில் கியரே இல்லாமல் நேரடியாகச் சுழற்றுகிறது. யமஹாவின் ஹார்மோவில் மோட்டார் புரொப்பெல்லரைச் சூழ்ந்த வளையமாகவே மாறிவிட்டது. ஏரிக்கும் துறைமுகத்துக்கும் மூன்றும் நல்ல விடைகள்.

நம் ஃபைபர் படகோ அலையை உடைத்துக் கிளம்பி, திரும்பி வந்து மணலில் ஏறுவது. தண்ணீர் முழங்காலளவு குறைந்ததும் புரொப்பெல்லரைத் தூக்கியாக வேண்டும். எஞ்சின் படகில், புரொப்பெல்லர் நீண்ட தண்டின் நுனியில் என்ற லாங் டெயில் இங்கே பொருந்திப்போனது அதனால்தான். தண்டு 15 பாகை சாய்ந்தால் முன்னோக்கிய விசையில் 3 முதல் 4 விழுக்காடு போகும். இலைகள் மீது சுமை சமமாக விழாததால் இன்னும் கொஞ்சம். பேட்டரியில் ஓடும் படகில் இந்த இழப்பு உறுத்தும்: 1 லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்கும் என்று கழித்தாலும், மீதிக்கே பதினைந்து கிலோவுக்கு மேல் பேட்டரி சுமக்க வேண்டும். அந்தக் கணக்கில் 4 விழுக்காடு சிறிதல்ல.

இருந்தும் அந்த இழப்பை ஏற்கலாம். மணலும் வலைநூலும் நீரைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைத் தேய்த்து உப்புநீர் உள்ளே புகுந்தால், மூழ்கிய மோட்டார் முழுவதும் பாழ். லாங் டெயிலில் நீருக்குள் தேய்வது தண்டின் புஷ்ஷும் பேரிங்கும்; அவற்றை ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவே பல் பெல்ட் போட்டால், புல்லியை மாற்றியே புரொப்பெல்லருக்கு ஏற்ற வேகத்தை அமைக்கலாம். தெறிக்கும் நீரை மறைக்க நல்ல மூடி மட்டும் வேண்டும்.

அவுட்போர்டுகளுக்கு மானியம் தரும் அரசு, மின்மோட்டாருக்கும் தரும் நாளில் குதிரைத்திறனை மட்டும் பார்த்து டெண்டர் விடக்கூடாது. வலையும் ஐஸும் ஏற்றிய படகை ஒரு பருவம் முழுக்க அலையில் இறக்கி, மணலில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பழுதுக்கு ஆன செலவையும் கடலுக்குப் போகாமல் நின்ற நாட்களையும் எழுதி வைக்க வேண்டும். முதல் பணம், லாங் டெயிலில் இருக்கும் தண்டை அப்படியே வைத்துக்கொண்டு டீசல் எஞ்சின் இடத்தில் மோட்டாரைப் பொருத்தும் சோதனைக்குப் போகட்டும்.