விருந்தாளியைக் கேட்டீர்கள், அண்டை வீட்டாரைக் கேட்டீர்களா?



சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளியின் ஹவ்ளுக் கரையில் அமர்ந்திருந்தோம். நமக்கு அறிமுகமான ஓர் இளைஞர் வந்து ஸலாம் கூறி அருகில் உட்கார்ந்தார். காயல்பட்டினத்தில் ஒன்றும் தூத்துக்குடியில் ஒன்றுமாக இரண்டு வீடுகளை ஏர்பிஎன்பி செயலி வழியாக நாள் வாடகைக்கு விடுபவர். ‘சூப்பர் ஹோஸ்ட்’ என்னும் பட்டத்தை இரண்டு ஆண்டுகளாகத் தவறாமல் தக்கவைத்திருப்பவர். அவர் முறையிட்டது இதுதான்: “ஆலிம்ஷா, 4.8 வாங்கினவருக்கும் அதே பட்டம், 4.97 வாங்கின எனக்கும் அதே பட்டம். இது நீதியா? எங்களுக்கு மேலே இன்னொரு படி வேண்டாமா? முத்துக்கே தரம் பிரித்த கடற்கரை ஆச்சே இது!”

அன்று சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டோம். ஆனால் இத்தொழிலில் இறங்கியிருக்கும் நம் குடும்பங்கள் பெருகிவருகின்றன. சென்னையிலும் வளைகுடாவிலும் ஹாங்காங்கிலும் பிழைப்பவர்களின் பூட்டிய வீடுகள் ஊரில் நிறைய உண்டு. பக்கத்தில் திருச்செந்தூருக்கு வருவோர் கூட்டம்; குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம். பூட்டிய வீட்டைத் திறந்து வாடகைக்கு விட யாருக்கும் ஆசை வரும். ஆகவே அந்த இளைஞரின் கேள்விக்கு விரிவாகவே மறுமொழி கூற விரும்புகின்றோம். நம் மறுமொழி: மேலும் ஒரு படி வேண்டாம். இப்போதிருக்கும் படியே தவறான ஆட்களிடம் கேட்டுக் கட்டப்பட்டது.

முதலில், அவர் இழுத்த முத்தையே எடுத்துக்கொள்வோம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், எடுத்த முத்துக்களைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்தார்கள். முதற் சல்லடையில் 20 துளைகள். கடைசிச் சல்லடையில் 1000 துளைகள். அளவு பிரித்த பின் உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி, குறுவல், தூள் என்று பெயரிட்டார்கள். விற்பவனும் வாங்குபவனும் கூடியிருந்த சந்தையில், ஒரே சல்லடை எல்லோருடைய முத்தையும் சலித்தது. சல்லடையைத் திருப்திப்படுத்த எந்த முத்தும் தன்னைப் பருக்க வைத்துக்கொள்ளவில்லை. நட்சத்திரச் சல்லடையின் கதை அவ்வாறானதன்று. அதன் துளையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வந்து தங்கிப்போகும் ஒவ்வொருவராலும் முடியும்.

சூப்பர் ஹோஸ்ட் ஆவதற்கு நான்கு அளவைகள் வைத்திருக்கிறார்கள். சராசரி மதிப்பெண் 4.8க்குக் குறையக் கூடாது. வரும் விசாரிப்புகளில் குறைந்தது 90 விழுக்காட்டிற்கு 24 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். ஒப்புக்கொண்ட முன்பதிவை வீட்டுக்காரர் தாமே ரத்து செய்வது 1 விழுக்காட்டிற்கும் குறைவாக இருக்க வேண்டும். ஆண்டில் 10 முன்பதிவுகளையாவது, அல்லது 3 முன்பதிவுகளில் 100 இரவுகளையாவது நிறைவேற்றியிருக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை கணக்கெடுப்பு. இவற்றில் ரத்து செய்யாமை பற்றிய அளவையை மனமார வரவேற்கின்றோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே பணிக்கிறது. நேர்மையான வணிகருக்கு மறுமையில் நபிமார்களின் அண்மை உண்டு என்பது திர்மிதியில் பதிவான செய்தி. தூய விரிப்பு விரித்து, சொன்ன விலைக்குச் சொன்ன அறையைத் தருபவர் நல்ல வணிகர். அதில் நமக்கு ஐயமில்லை.

ஐயம் மதிப்பெண்ணில் இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இத்தளத்தின் மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 95 விழுக்காடு வீடுகளின் சராசரி 4.5 அல்லது 5 நட்சத்திரமாக இருக்கக் கண்டார்கள். வகுப்பில் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் முதல் வகுப்பு என்றால் பிள்ளைகளை மெச்சுவதற்கு முன் தேர்வுத்தாளைத்தான் சோதிக்க வேண்டும். (மதரஸாவில் தாள் திருத்துபவர்கள் நாம், இது நமக்குத் தெரியும்.) உச்சியில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்பதால்தான் உச்சிக்கு மேல் ஓர் உச்சி கேட்கத் தோன்றுகிறது. அதுவும் ஓரளவு வந்தேவிட்டது. 2023 நவம்பரில் ‘விருந்தினர் விருப்பம்’ என்று வீடுகளுக்குத் தனி அடையாளம் கொண்டுவந்தார்கள். பிறகு அவற்றுள்ளும் முதல் 1, 5, 10 விழுக்காடு எனப் பிரித்துக் காட்டத் தொடங்கினார்கள். நாளை முதல் அரை விழுக்காடும் வரும். அப்போதும் ஓர் இளைஞர் ஹவ்ளுக் கரைக்கு வந்து முறையிடுவார்.

நட்சத்திரம் இடுவது சாட்சி சொல்வதாகும் என்பதையும் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கே எதிரானாலும் நீதியில் நின்று சாட்சி கூறுங்கள் என்று அந்நிஸா 135ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. கழிவறைக் குழாய் ஒழுகியதைப் பார்த்தும், ‘பாவம், நல்ல மனுஷர்’ என்று ஐந்து இடுகிறோம். இன்னொரு சாரார், வாடகையில் ஆயிரம் குறைக்காவிட்டால் மூன்றுதான் என்று மிரட்டுகிறார்கள். இரண்டுமே பொய்ச் சாட்சி. இத்தகைய சாட்சிகளின் மேல்தான் பதவி உயர்வு கேட்கிறார்கள்.

இனி, யாரிடம் கேட்கவில்லை என்பதற்கு வருவோம்.

நம் ஊரின் கட்டமைப்பை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீடு பெண்மக்களுக்குரியது, மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். உம்மா, லாத்தா, சாச்சி எல்லோரும் அடுத்தடுத்த வீடுகளில். வீடுகளுக்கிடையே உள்ள குறுகிய முடுக்குகள் வழியே, தெருவுக்கு வராமலே பெண்கள் வீட்டுக்கு வீடு போய் வருவார்கள். இப்படியொரு வரிசையின் நடுவே ஒரு வீடு, வாரந்தோறும் முகம் மாறும் அந்நியர்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. நாம் அறிந்த ஒரு தெருவில், நள்ளிரவு தாண்டியும் மாடியில் பாட்டும் சிரிப்புமாக ஒரு கூட்டம் தங்கிச் சென்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அன்றிலிருந்து மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டார்கள். முடுக்கு வழியே போய்வருவதும் குறைந்தது. அக்கூட்டம் எழுதிச் சென்ற மதிப்புரை: “மிக அமைதியான தெரு.” ஐந்து நட்சத்திரம்.

செயலி விருந்தாளியிடம் தூய்மையைக் கேட்கிறது, விவரத்தின் துல்லியத்தைக் கேட்கிறது, இடத்தையும் விலையையும் கேட்கிறது. சுவருக்கு அப்பால் உறங்காமல் கிடந்தவரை அது கேட்பதில்லை. அண்டை வீட்டார் புகாரளிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் மேற்சொன்ன நான்கு அளவைகளில் அதற்கு இடமில்லை.

நம் மார்க்கம் இதற்கு நேர்மாறானது. நான் நன்மை செய்கிறேனா தீமை செய்கிறேனா என்று எப்படி அறிவது எனக் கேட்ட ஒருவருக்கு, உன் அண்டை வீட்டார் நீ நன்மை செய்ததாகச் சொன்னால் நன்மை செய்தாய், தீமை செய்ததாகச் சொன்னால் தீமை செய்தாய் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். இப்னுமாஜாவில் உள்ளது. தொழுகையும் நோன்பும் தர்மமும் மிகுந்த ஒரு பெண்ணைப் பற்றி எடுத்துரைக்கப்பட்டபோது, அவள் நாவால் அண்டை வீட்டாரைத் துன்புறுத்துபவள் என்பதால் நரகத்திற்குரியவள் என்றார்கள். அவளுடைய மற்ற மதிப்பெண்களெல்லாம் உயர்ந்தவைதாம்.

கேட்கப்படாதோர் இன்னும் இருவர் உண்டு. ஒருவர், இடம் மறுக்கப்பட்டவர். பதில் தரும் விழுக்காட்டில், ‘இல்லை’ என்பதும் பதிலே. முஸ்லிம் பெயரைக் கண்டதும் ஒரு மணி நேரத்தில் மறுத்துவிடுபவரின் அளவை கெடுவதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 2017இல் வெளியாயிற்று: கறுப்பினத்தவருக்குரிய பெயரோடு கேட்டவர்களுக்கு, மற்றவர்களைவிட 16 விழுக்காடு குறைவாகவே இடம் கிடைத்தது. முன்பதிவு உறுதியாகும் முன் விருந்தாளியின் படத்தைக் காட்டுவதில்லை என்று 2018இல் அத்தளம் திருத்திக்கொண்டது, நன்று. பெயர் அப்படியேதான் இருக்கிறது. சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்த நம் குடும்பங்களுக்குப் பெயரின் கனத்தை நாம் சொல்லித்தரத் தேவையில்லை.

மற்றவர், காலை பதினொரு மணிக்கு ஒருவர் வெளியேறி இரண்டு மணிக்கு அடுத்தவர் வருமுன் வீட்டைக் கழுவித் துடைக்கும் பெண். தூய்மைக்குரிய ஐந்து நட்சத்திரமும் அவருடையது, பட்டம் வேறொருவருடையது. கூலி வியர்வை உலருமுன் போய்ச் சேர்ந்ததா என்பதை எந்தச் சல்லடையும் சலிப்பதில்லை.

“விருந்தோம்பல் ஈமானோடு சேர்ந்தது, அதை உயர்த்தினால் என்ன?” என்று கேட்பார்கள். சேர்ந்ததுதான். ஆனால் அந்த விருந்தோம்பல் எது? அன்ஸாரித் தோழர் ஒருவர், பிள்ளைகளை உறங்கவைத்து, தாங்கள் உண்ணாமலிருப்பதை விருந்தாளி காணக் கூடாதென்று விளக்கையே அணைத்தார். அல்லாஹ்வுக்காக உணவளித்து, நன்றியையும் கைம்மாறையும் நாடாதவர்களை அத்தஹ்ர் அத்தியாயம் புகழ்கிறது. இரவுக்கு இவ்வளவு என்று விலை குறித்து வாங்குவது வணிகம். அது ஹலாலான வணிகம். அதற்கு இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்துப் பெயரைச் சூட்டிப் பட்டமும் கேட்க வேண்டாம்.

நம் ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகமும் தங்கும் வீடுகளைத் தங்கம், வெள்ளி என்று இரண்டாகப் பிரிக்கிறது. அதில் நமக்குப் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு: வீட்டுக்காரர் தம் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும். மாடியில் கூச்சல் எழுந்தால் முதலில் தூக்கம் கெடுவது அவருக்குத்தான்.

அந்த இளைஞரிடம் அன்று ஒன்றே ஒன்று கேட்டோம். காயல் வீட்டின் இருபுறமும் இருப்பவர்களிடம், வாடகைக்கு விடுமுன் ஒரு வார்த்தை சொன்னீர்களா? ஒரு புறம் சொன்னதாகவும், மறுபுறம் ஆண்கள் யாரும் ஊரில் இல்லாததால் சொல்லவில்லை என்றும் கூறினார். மறுபுறத்தில் இருப்பவர்கள் வயதான ஒரு கண்ணும்மாவும் அவருடைய பேத்திகளும். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தம் உம்மாவை அங்கே அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.