விதைக்கு விடும் பாத்திக்குக் கூலி வேண்டும்

செஞ்சியைச் சுற்றிக் கீரை போடும் குடும்பங்களிடம் விதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், இப்போது பெரும்பாலும் வரும் பதில் ‘கடையில்தான்’ என்பது. பாக்கெட்டின் மேல் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை என்று இருக்கும். எந்த ரகம், எந்த ஊர் விதை என்ற விவரத்தைப் பல பாக்கெட்டுகளில் தேடினாலும் கிடைக்காது. ஒரு தலைமுறைக்கு முன்பு இதே கேள்விக்கு, ‘எங்க மாமியார் எடுத்து வச்சது’, ‘நாத்தனார் ஊர்லருந்து முடிஞ்சு கொண்டாந்தது’ என்று பதில் வரும். அந்த முடிச்சுகள் வீட்டுக்கு வீடு அவிழ்ந்துகொண்டிருக்கின்றன. அதைத் தடுக்க வழி இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. பணம் ஒதுக்கத்தான் ஆள் இல்லை.

கீரை விதை ஏன் முதலில் போகிறது? நெல்லில் உண்பதும் விதைப்பதும் ஒரே மணி. அறுத்ததில் ஒரு மூட்டையை ஒதுக்கினால் அடுத்த போகத்துக்கு ஆயிற்று. கீரையில் அப்படி முடியாது. முளைக்கீரையை 25, 30 நாளில் வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டி விற்றாக வேண்டும். விதை வேண்டுமென்றால் ஒரு பாத்தியைப் பிடுங்காமல் மூன்று மாதம் போல விட்டுவைக்க வேண்டும். அதே பாத்தியில் அதே காலத்துக்குள் இரண்டு, மூன்று தடவை கீரை எடுத்து விற்றுவிடலாம். விட்ட பாத்திக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், கதிர் முற்றும்போது குருவி விரட்ட வேண்டும், உதிர்வதற்குள் அறுத்துக் காயவைத்துத் தட்டிப் புடைக்க வேண்டும். இத்தனையும் செய்து கிடைக்கும் விதை ஆயிரம் சேர்ந்தாலும் ஒரு கிராம் எடை வராது. ஒரு எக்டேருக்கே 2.5 கிலோ விதை போதும் என்பதுதான் பரிந்துரை. ஒரு பாக்கெட்டில் முடிகிற காரியத்துக்குக் கால் ஏக்கர் வைத்திருப்பவர் பாத்தியை முடக்குவாரா? முடக்கமாட்டார். அதில் அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தண்டுக்கீரை இனத்துச் செடிகளின் மகரந்தம் காற்றில் பறக்கும். பக்கத்துப் பாத்தியில் கடை விதை பூத்தால் வீட்டு விதையோடு கலந்துவிடும். தள்ளிப் போடத் தோட்டம் பெரிதாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காதபடி நாள் பார்த்து விதைக்க வேண்டும். ஒரே செடியில் விதை எடுத்தாலும் வம்சம் குறுகிப்போகும். பல செடிகளில் எடுத்தால்தான் அந்த ரகத்தின் முழுக் குணமும் தங்கும். பாட்டிமார்கள் கைப்பழக்கத்தில் செய்த வேலை இது. அந்தப் பழக்கமும் விதையோடு சேர்ந்து போகிறது.

போனால் என்ன, கடையில்தான் கிடைக்கிறதே என்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டலாம். அங்கே மக்கள் விரும்பிச் சாப்பிடுவது செங்கீரை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்த ‘அருண்’ என்ற சிவப்பு ரகம் அங்கே பிரபலம். மழைக்காலத்தில் அதன் இலையில் கருகல் நோய் விழுந்தால் தோட்டமே பாழ். அந்த நோயைத் தாங்கி நின்றது நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘கோ 1’ பச்சைக்கீரை. சிவப்புக் கீரைக்கு நடுவே கோ 1-ஐக் கலந்து விதையுங்கள் என்று கேரளப் பல்கலைக்கழகமே உழவர்களுக்குச் சொல்கிறது. ஒரு மாநிலத்துச் செடி இன்னொரு மாநிலத்துத் தோட்டத்தைக் காத்த கதை இது. கோ 1 என்ற பச்சை ரகம் அன்றே காணாமல் போயிருந்தால் இந்தப் பரிந்துரைக்கே இடமில்லை.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். பசலை போன்ற ஸ்பினாச் கீரையை அடிச்சாம்பல் நோய் தாக்குகிறது. நோய்க்கிருமி தன்னை மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2021-ல் அதன் 19-ஆவது வகைக்குப் பெயர் வைத்தார்கள். ஒரு ரகத்துக்கு எதிர்ப்புச் சக்தி கொடுத்தால் சில வருடங்களிலேயே புது வகை வந்து அதை உடைத்துவிடுகிறது. ஆகவே நெதர்லாந்து விஞ்ஞானிகள் மத்திய ஆசியாவுக்குப் போய், யாரும் பயிரிடாத காட்டு ஸ்பினாச்சின் விதையைச் சேகரித்து வந்து பாதுகாக்கிறார்கள். நம் ஊரிலும் மார்கழிப் பனியில் கீரை இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் கிளம்புவதைப் பார்க்காத விவசாயி இல்லை. வெள்ளைத்துரு என்பார்கள். கொப்புளம் தெரிந்த கட்டை யாரும் கையில் எடுப்பதில்லை. இதைத் தாங்கும் குணம் எந்த வீட்டு முடிச்சில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கீரை ரகங்களில் பெரும்பாலானவை உள்ளூர்ச் செடிகளிலிருந்து நல்லதைத் தேர்ந்தெடுத்து உருவானவை. கோ 1 முதல் கோ 5 வரையும், கடலூர் மாவட்டம் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் ரகமும் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இனியும் வர வேண்டுமானால் தேர்ந்தெடுக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். எல்லாப் பாத்தியிலும் ஒரே பாக்கெட் விதை நின்றால் விஞ்ஞானி எதிலிருந்து எதைத் தேர்ந்தெடுப்பார்?

அக்கறை காட்டினால் பலன் வரும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. நிலக்கடலை ரகங்களைச் செஞ்சி விவசாயிகள் நன்றாக அறிவார்கள். நெல்லுக்கு நெல் ஜெயராமன் வாய்த்தார். திருத்துறைப்பூண்டியில் ஊர் ஊராக விதை கைமாறியது, நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்கள் மீண்டன. பிறகு தமிழக அரசே அவர் பெயரில் இயக்கம் தொடங்கியது. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களுக்கு ஊர் விதை வங்கிகளை அமைத்தது. கீரைக்கு அந்த அளவு கவனம் வரவில்லை. அது பெரும்பாலும் பெண்களின் பயிர், கூடையில் தலைமேல் போகும் பயிர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து எடைத்தராசில் ஏறாத பயிர். அதனால்தான் கணக்கிலும் ஏறவில்லை என்றே நினைக்கிறேன்.

சட்டத்தில் குறையில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் செடி கொடி, பயிர் ரகம், அதைப் பற்றிய மக்களின் அறிவு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். செஞ்சிப் பேரூராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் தங்கள் பதிவேட்டைக் கிராம சபையிலும் மன்றக் கூட்டத்திலும் மக்கள் முன் வைக்கட்டும். அதில் கீரைக்கு எத்தனை பக்கம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் ரகத்தைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது. பாரம்பரிய ரகத்தைக் காக்கும் சமூகத்துக்கு 10 லட்சம் ரூபாய் விருதும் அந்தச் சட்டத்தின் வழியே வழங்கப்படுகிறது.

விருது பெரிய விஷயம்தான். ஆனால் அது எங்கோ ஓர் ஊருக்கு என்றாவது ஒருநாள் வருவது. செஞ்சிக்கு வேண்டியது அதைவிடச் சின்ன, நிச்சயமான ஏற்பாடு: வீட்டு விதையை வைத்திருக்கும் குடும்பம் ஒரு பாத்தியை விதைக்கு விட்டால், அந்த மூன்று மாதத்தில் கீரையாக விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தை அரசு கொடுக்க வேண்டும். தோட்டக்கலைத் துறையின் வட்டார அலுவலகம் இதைச் செய்யலாம். ஒரு சில சென்ட் நிலத்துக்கான தொகை, துறையின் ஒதுக்கீட்டில் தெரியவே தெரியாது. ஆனால் கீரைக்கார அம்மாவுக்கு அதுதான் விதையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

எடுத்த விதையில் ஒரு பங்கு அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும், அப்போதுதான் செடி ஊர் வெயிலோடும் ஊர்த் தண்ணீரோடும் பழகிக்கொண்டே வரும். இன்னொரு பங்கு கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கிக்கும், டெல்லியில் இருக்கும் தேசியத் தாவர மரபணு வள நிறுவனத்துக்கும் போகட்டும். அங்கே மைனஸ் 18 டிகிரி குளிரில் பல்லாண்டு கிடக்கும். அனுப்பும்போது ஊர்ப்பெயரும், விதை கொடுத்தவர் பெயரும், அந்தக் கீரை எந்த மாதம் நன்றாக வரும், கடைசலுக்கா பொரியலுக்கா, தண்டு நார் ஓடுமா ஓடாதா என்ற விவரங்களும் கூடவே போக வேண்டும். இந்த விவரம் இல்லாத விதை ஆராய்ச்சியாளருக்குப் பாதிதான் பயன்படும். கடைப் பாக்கெட்டில் ரகப் பெயர் இருக்கிறதா என்று விதை ஆய்வாளர்கள் பார்ப்பதும் இதோடு சேர வேண்டும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது முதல் அதிகாரிகளின் வண்டிகள் இந்த ஊருக்கு அடிக்கடி வருகின்றன. கோட்டைக்குள் பெரிய களஞ்சியங்கள் இருக்கின்றன. 1690-களில் முகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகையிட்ட கோட்டை இது. உள்ளே சேமிப்பு இல்லாமல் அத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. விதைச் சேமிப்பும் அப்படித்தான். கோட்டைக்கு ஒதுக்கும் பணத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. வருகிற அதிகாரிகள் ஒரு மணி நேரம் கீழே இறங்கிச் சங்கராபரணி ஆற்றோரத் தோட்டங்களையும் பார்க்கட்டும் என்பதுதான் கோரிக்கை.

தை மாதம் விதைக்கு விடும் பாத்தி பங்குனி, சித்திரையில் முற்றும். தை பிறப்பதற்கு முன்பே தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறந்து, வீட்டு விதை வைத்திருப்பவர்கள் வந்து பெயர் கொடுங்கள், பாத்திக்கு இவ்வளவு தருகிறோம் என்று செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் அறிவிக்க வேண்டும்.