300 ரூபாய் ஆமை, 4 லட்சம் ரூபாய் செலவு: நல்ல பெட் ஷாப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, இன்கம் டாக்ஸும் இல்லை. ஆமை பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. பதினஞ்சு நிமிஷத்துல முடிவெடுத்து, இருபத்தஞ்சு வருஷத்துக்குச் செலவை இழுத்து விட்டுக்கிற விஷயங்கள் நம்ம வாழ்க்கையில ரொம்பக் கம்மி. அதுல இது ஒண்ணு.

போன வருஷம் என் பொண்ணு ஒரு ஆமைக் குட்டி கேட்டா. எங்க ஏரியாவுல ஒரு பெட் ஷாப். ஐம்பது பைசா நாணயத்தை விடக் கொஞ்சம் பெருசா, பச்சைக் கலர்ல, காது பக்கம் சிவப்புக் கோடு. ரெட் இயர்டு ஸ்லைடர். விலை 300 ரூபாய். கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா, நடுவுல பிளாஸ்டிக் தென்னை மரம், ஒரு டப்பா தீனி. மொத்தம் 550. "இதுக்கு வேற ஒண்ணும் வேணாம் சார், தண்ணி மாத்தினா போதும்"னு கடைக்காரர் சொன்னார். ஜிபே பண்ணிட்டு வந்துட்டேன்.

நாலாவது மாசம் பொண்ணு கேட்டா: "அப்பா, இதோட முதுகு ஏன் சாஃப்டா இருக்கு?" அழுத்தினா அமுங்குது. அடுத்த வாரம் ஆமை செத்துப்போச்சு. கடையில போய்ச் சொன்னப்போ அவர் கொஞ்சம்கூடத் தயங்கலை. "குட்டி வீக்கா இருந்திருக்கும் சார். இன்னொண்ணு எடுத்துக்கோங்க, உங்களுக்கு 200."

எனக்கு உறைச்சது அந்த 200 ரூபாய்தான். செத்துப்போற ஆமைக்கு அவர்கிட்ட ஏற்கனவே ஒரு ரீப்ளேஸ்மென்ட் ரேட் இருக்கு. அப்போ ஆமை சாகிறது அவர் பிசினஸ்ல ஒரு விபத்து இல்லை, அது வருமானத்துல ஒரு பகுதி. ஒரு ஃபண்டுல பணம் போடறதுக்கு முன்னாடி எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை ரெண்டு டெசிமல் வரைக்கும் பார்க்கிற சி.ஏ. நான். ஒரு உயிரை வாங்கும்போது ஒரு கேள்விகூடக் கேக்கலை. தப்பு என் பேர்லயும் இருக்கு.

கடைக்காரருக்கு லாபம் எங்கிருந்து வருது?

இன்சூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல திரும்பத் திரும்பச் சொல்ற விஷயம்தான். ஒருத்தர் கொடுக்கிற ஆலோசனை எப்படிப்பட்டதுன்னு தெரியணும்னா, அவருக்குக் காசு எப்போ வருதுன்னு பாருங்க. முதல் வருஷமே பெரிய கமிஷன் கிடைக்கிறவருக்கு உங்க பத்தாவது வருஷத்தைப் பத்திக் கவலை இருக்காது.

பெட் ஷாப்லயும் இதே கணக்குதான். விலங்கை விக்கிறதுல மட்டும் சம்பாதிக்கிற கடைக்கு, உங்க ஆமை சீக்கிரம் செத்தா நல்லது. தீனி, லைட், ஃபில்டர்னு வருஷம் முழுக்க வித்து சம்பாதிக்கிற கடைக்கு, உங்க ஆமை நீண்ட நாள் வாழ்ந்தா நல்லது. நல்ல ரெப்டைல் கடைக்கு நான் வைக்கிற முதல் அளவுகோல் இதுதான். கடைக்காரர் அன்பா பேசறாரா, கடை பளபளன்னு இருக்கா என்பதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். இது என் அனுமானம், உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க. ரெட் இயர்டு ஸ்லைடர் பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். நல்லா பார்த்துக்கிட்டா இருபது, முப்பது வருஷம் வாழும். அதுக்கு டப்பா பத்தாது. 300 லிட்டருக்கு மேல தண்ணி பிடிக்கிற தொட்டி வேணும். வெயில் காயற மாதிரி ஒரு மேடு, அதுக்கு மேல சூடு தர்ற பாஸ்கிங் லைட், கூடவே யு.வி.பி. லைட். இந்த யு.வி.பி. இல்லைன்னா உடம்புல வைட்டமின் டி சரியா உருவாகாது, சாப்பிடற கால்சியம் எலும்புல சேராது, ஓடு மெதுவாயிடும். என் பொண்ணு விரல்ல உணர்ந்தது அதைத்தான். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் இதுக்கு உதவாது, கண்ணாடி யு.வி.பி.யை வடிகட்டிடும்.

ஆரம்பச் செலவு (தொட்டி, ஸ்டாண்ட், ஃபில்டர், லைட்டுகள்): 25,000 ரூபாய்.

வருஷச் செலவு:
- தீனி: மாசம் 500 வீதம் 6,000
- யு.வி.பி. பல்பு: 2,000 (எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் யு.வி.பி. குறைஞ்சிடும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும்)
- பாஸ்கிங் பல்பு 2: 800
- ஃபில்டர் பஞ்சு, மற்ற மீடியா: 1,500
- டாக்டர், ரெண்டு தடவை: 2,000
- கரண்ட்: 4,320

கரண்ட் கணக்கு இது: 75 வாட் பாஸ்கிங் லைட்டும் 25 வாட் யு.வி.பி.யும் தினம் 10 மணி நேரம், 20 வாட் ஃபில்டர் 24 மணி நேரமும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட், வருஷத்துக்கு 540 யூனிட். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறதால, இந்த 90 யூனிட் உங்க வழக்கமான பில்லுக்கு மேல போய் உட்காரும். அதாவது உங்க மேல் ஸ்லாப் ரேட்ல வரும். அதனால யூனிட்டுக்கு 8 ரூபாய் வச்சிருக்கேன்.

மொத்தம் வருஷத்துக்கு 16,620. விலைவாசி ஏறாதுன்னு வச்சுக்கிட்டாலும் 25 வருஷத்துக்கு 4,15,500. ஆரம்பச் செலவையும் சேர்த்தா 4,40,500. உங்க 300 ரூபாய் ஆமையோட உண்மையான விலை இதுதான்.

இப்போ இதையே கடைக்காரர் பக்கத்திலிருந்து பாருங்க. மேல சொன்னதுல தீனி, பல்பு, ஃபில்டர் சாமான் மட்டும் 10,300 ரூபாய். இதெல்லாம் அவர் கடையில விக்கிற பொருள். 25 சதவீதம் மார்ஜின்னு வச்சா வருஷம் 2,575 ரூபாய், ஒரே ஒரு உயிரோட இருக்கிற ஆமையிலிருந்து. நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஆமை செத்து, வருஷத்துக்கு மூணு ஆமை வித்தா, ஒவ்வொண்ணுலயும் 150 ரூபாய் நின்னாலும் மொத்தம் 450தான். நேர்மையா நடத்தினா அஞ்சு மடங்குக்கு மேல லாபம். ஆனா அதுக்குப் பொறுமை வேணும், வாடகை அஞ்சாம் தேதி வந்துடுது. பிரச்சினை அங்கதான்.

நல்ல கடை உங்ககிட்ட கேள்வி கேட்கும்

சென்னையில மீன்னா கொளத்தூர்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் ஒரு சின்னக் கடைக்கு நண்பர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனார். நான் ஆமைன்னு ஆரம்பிச்சதும் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி: "வீடு சொந்தமா, வாடகையாண்ணா?" அப்புறம்: "லோடு தாங்கற இடம் இருக்கா? ஊருக்குப் போனா யார் பார்த்துப்பாங்க? குழந்தைக்கு எத்தனை வயசு?" கடைசியில சொன்னது: "முதல்ல தொட்டியை செட் பண்ணி ரெண்டு வாரம் சும்மா ஓட்டுங்கண்ணா. அப்புறம் வாங்க." அன்னிக்கு ஆமை குடுக்கலை. வித்திருக்கலாம், விக்கலை.

வயசை அவர் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. ஆமைகள் மேல சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குட்டி ஆமைன்னா குழந்தைங்க வாயில வைப்பாங்க. அமெரிக்காவுல 4 இஞ்சுக்குக் குறைவான ஓடு உள்ள ஆமைகளைச் செல்லப் பிராணியா விக்கிறதை 1975லயே தடை பண்ணிட்டாங்க. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவணும்னு சொல்லிக் குடுக்காத கடை எனக்கு நல்ல கடை இல்லை.

பேப்பர் இல்லைன்னா உயிரும் இல்லை

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முதல்ல கடைக்கான பதிவு. 2018ல வந்த பெட் ஷாப் விதிகள்படி, செல்லப் பிராணி விக்கிற கடை மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். எங்கிருந்து வாங்கினோம், யாருக்கு வித்தோம்னு கணக்கும் வச்சிருக்கணும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

ரெண்டாவது, விலங்குக்கான பேப்பர். நட்சத்திர ஆமை வீட்டுல இருந்தா அதிர்ஷ்டம்னு சொல்லி "உள்ள வச்சிருக்கேன் சார்"னு யாராவது சொன்னா, அப்படியே வெளிய வந்துடுங்க. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. அந்த அட்டவணை உயிரினங்கள் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு மூணு முதல் ஏழு வருஷம் வரை சிறை. அதிர்ஷ்டம் வராது, ஃபாரஸ்ட் ஆபீசர்தான் வருவார்.

வெளிநாட்டு வகைகள்ல பால் பைத்தான், பச்சை இகுவானா மாதிரி சைட்டஸ் ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கிறதை வாங்கினா, 2024 பிப்ரவரியில வந்த விதிகள்படி பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும். கைக்கு வந்த 30 நாளுக்குள்ள. அதுக்கு விக்கிறவரோட பதிவு சரியா இருக்கணும். சென்னை ஏர்போர்ட்டுல பெட்டிக்குள்ள ஆமையும் பாம்பும் பிடிபட்ட செய்தி அடிக்கடி பார்க்கிறோம். பிடிபடாம வந்தது எங்க விக்குதுன்னு நினைக்கிறீங்க?

"பில் எல்லாம் எதுக்கு சார், என் பர்சனல் நம்பருக்குப் போட்டுடுங்க"ன்னு சொன்னா சம்மதிக்காதீங்க. வருமான வரியில உங்க கையில இருக்கிற பணத்துக்கு நீங்கதான் விளக்கம் சொல்லணும், இல்லையா? வனவிலங்குச் சட்டமும் அதே மாதிரிதான். உங்க வீட்டுல இருக்கிற விலங்கு சட்டப்படி வந்ததுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். அப்போ கையில இருக்கப்போறது அந்த பில் மட்டும்தான். அதுல உயிரினத்தோட முழுப் பேர், தேதி, கடையோட பதிவு எண் எல்லாம் இருக்கணும். "ஆமை - 1" போதாது.

கடைக்குள்ள போனா என்ன பார்க்கணும்?

- விக்கிற விலங்குக்கே யு.வி.பி. லைட் எரியுதா? அவர் தொட்டியிலேயே இல்லைன்னா உங்களுக்கு எப்படிச் சொல்லுவார்?
- சாப்பிட்டுக் காட்டச் சொல்லுங்க. கண் வீங்காம இருக்கணும், ஓடு கெட்டியா இருக்கணும்.
- புதுசா வந்ததைத் தனியா வைக்கிறாரா, எல்லாத்தையும் ஒரே தொட்டியில கொட்டிடறாரா?
- ஊர்வனவைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் நம்பர் ஒண்ணாவது குடுக்க முடியுமா? நாய், பூனை பார்க்கிற எல்லா டாக்டரும் இதைப் பார்ப்பாங்கன்னு சொல்ல முடியாது.
- "வளர்க்க முடியலைன்னா திரும்ப எடுத்துப்பீங்களா?" கடைசிக் கேள்வி இது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கடைசிக் கேள்விதான் மத்த நாலையும் விட முக்கியம். குழந்தை காலேஜ் போன பிறகும் ஆமை இருக்கும். திரும்ப எடுக்க ஆள் இல்லைன்னா ஜனங்க அதை ஏரியிலயோ கோயில் குளத்திலயோ விட்டுட்டு, புண்ணியம் பண்ணின மாதிரி வீட்டுக்குப் போறாங்க. உலகத்தோட மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியல்ல இந்த ரெட் இயர்டு ஸ்லைடர் இருக்கு. நம்ம ஊர் ஆமைங்க சாப்பாட்டையும் இடத்தையும் அது பிடுங்கிக்கும். நாம கட்டாத செலவை அந்தக் குளம் கட்டுது.

நம்ம பங்கு

எல்லாத்தையும் கடைக்காரர் தலையில போட்டுட முடியாது. நல்ல கடையில ஒரு மணி நேரம் நின்னு எல்லா விவரமும் கேட்டுட்டு, 80 ரூபாய் கம்மின்னு ஆன்லைன்ல பல்பு வாங்கினா, அந்தத் தம்பி எதை வச்சு வாடகை குடுப்பார்? கொஞ்ச நாள்ல அவரும் பிளாஸ்டிக் தென்னை மரத்தோட டப்பா விக்க ஆரம்பிச்சிடுவார். அந்த 80 ரூபாயை ஆலோசனைக் கட்டணம்னு நினைச்சுக்கோங்க. ஃபீஸ் வாங்கற ஃபைனான்ஷியல் அட்வைசருக்குக் காசு குடுக்கத் தயங்கி, "ஃப்ரீ" ஏஜென்ட்கிட்ட மாட்டிக்கிற கதையை இங்கயும் நடத்த வேணாம்.

கடைசியா ஒரு டெஸ்ட். 16,620ஐ 12 ஆல வகுத்தா மாசம் 1,385. வாங்கறதுக்கு முன்னாடி மாசம் 1,400 ரூபாய்க்கு ஆறு மாசம் ஆர்.டி. போடுங்க. ஒரு மாசம்கூட விடாம கட்ட முடிஞ்சா, உங்களால ஒரு ஆமையைப் பார்த்துக்க முடியும். ரெண்டாவது மாசமே கை வலிச்சா, 8,400 ரூபாய்க்குள்ள ஒரு பெரிய பாடம் கத்துக்கிட்டீங்க, ஒரு உயிரும் போகலை.

எங்க வீட்டுல இப்போ நாலாவது மாசம் ஓடுது. கட்டின தேதியில பொண்ணு காலண்டர்ல ஆமை படம் வரையறா. தொட்டி இன்னும் வாங்கலை.