தண்ணீர் ஊற்றும் முடிவு யாருடையது?

நீண்ட சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புபவருக்குச் செடி ஒன்றைப் பரிசளிக்க விரும்புவோர், பெரும்பாலும் பூத்து நிற்கும் ரோஜாத் தொட்டியையே தேடுகின்றனர். அதைவிட, நரைத்த தலைபோல் வெண்மயிர் போர்த்து நிமிர்ந்து நிற்கும் தூண் கள்ளியே பொருத்தமானது என்பது என் கருத்து. ரோஜாவை நாள்தோறும் கவனிக்க வேண்டும். நோயாளிக்கு எழ இயலாத வாரத்தில் அது வாடி, அவர் மனத்தையும் வாட்டும். கள்ளியோ காத்திருக்கும்.

இவ்வகையில் பெயர்பெற்றது முதியவர் கள்ளி. தாவரவியலார் இதனைச் செஃபலோசீரியஸ் செனிலிஸ் என்பர். மெக்சிகோவின் ஹிடால்கோ மாநிலத்து மலைச்சரிவுகளில் 10 மீட்டருக்கும் மேல் உயரும் இது, வீட்டுத் தொட்டியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அதன் வெண்மயிர் உண்மையில் மயிரன்று. முட்களே நூல்போல் மாறி, கடும் வெயிலிலிருந்து தண்டைக் காக்கின்றன. நம் ஊர்ச் சதுரக்கள்ளியும் தூண்போல் நிற்பதுதான். ஆயினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். எனவே நாற்றுப்பண்ணையில் பெயர் கேட்டு வாங்குதல் நன்று.

வீட்டில் வளரும் கள்ளிகளுள் பல, நீரின்றி மடிவதில்லை. நீர் மிகுந்தே மடிகின்றன. காலையில் தாய் ஒரு குவளை ஊற்றுவார். அதனை அறியாத மகன் மாலையில் மற்றொரு குவளை ஊற்றுவார். அன்புதான். ஆனால் வேர் அழுகிவிடும். ஆகவே இச்செடிக்கு நீர் ஊற்றும் முடிவை நோயாளி ஒருவரிடமே விட்டுவிடுமாறு குடும்பத்தாரை வேண்டுகிறேன். எப்போது உண்பது, எப்போது மாத்திரை விழுங்குவது, எப்போது உறங்குவது என அனைத்தையும் பிறர் தீர்மானிக்கும் காலத்தில், அவர் தாமே தீர்மானிக்கும் செய்தி ஒன்றேனும் வீட்டில் இருக்கட்டும்.

முடிவெடுக்கும் முறையும் கடினமானதன்று. ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் ஆழச் செருகி எடுத்தால், ஈரமண் ஒட்டியிருக்கிறதா என்பது தெரியும். முற்றிலும் உலர்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வழியும்வரை நீர் ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். அடைமழை நாட்களில் மண் உலரப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை பொறுத்தலே பராமரிப்பு. தண்டின் மேல் நீர் தெளிக்கலாகாது. நனைந்த கம்பளி எளிதில் உலராது. சுட்ட மண்தொட்டியும், பாதியளவு பருமணல் கலந்த மண்ணும் ஏற்றவை. வீட்டிலேயே மிகுந்த வெளிச்சம் வரும் சன்னலோரம் இதற்குரிய இடம். இருண்ட மூலையில் வைத்தால் தண்டு மெலிந்து, கம்பளியும் அடர்த்தி குறையும்.

இச்செடி மருத்துவமனை அறைக்கு உரியதன்று. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தொட்டி மண்ணில் பூஞ்சை வாழும். புற்றுநோய் மருந்தேற்றம் பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் போன்று நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், வீட்டில் வைப்பதற்கும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மேலும், மென்மையாகத் தோன்றும் கம்பளிக்கு அடியில் கூரிய முட்கள் மறைந்துள்ளன. குழந்தைகள் தடவிப் பார்க்க விரும்புவர். எட்டாத உயரத்தில் வையுங்கள். நீரிழிவால் விரல்களில் உணர்வு குன்றியவருக்கு முள் தைத்ததே தெரியாமல் போகலாம்.

கள்ளி இரவில் உயிர்வளி தந்து அறையைத் தூய்மையாக்கும் என்று கூறி விற்போரும் உள்ளனர். இரவில் அது கரியமில வாயுவை ஈர்ப்பது உண்மையே. ஆயினும் ஒரு தொட்டிச் செடியால் அறைக்காற்றில் ஏற்படும் மாற்றம் மிக மிகச் சிறிது; மூச்சுத் திணறலுக்கு அதனை மருந்தெனக் கருத வேண்டா. முள்செடி வீட்டுக்கு ஆகாது என்னும் பெரியோர் சிலரும் இருப்பர். அவர்களோடு வாதிட வேண்டியதில்லை. வெயில் விழும் மாடிப்படியோரம் வைத்தாலும் கள்ளிக்குக் குறையொன்றுமில்லை.

வெள்ளை மாவுப்பூச்சி வெண்கம்பளிக்குள் ஒளிந்துகொண்டால் கண்டுபிடிப்பது அரிது. வாரம் ஒருமுறை கண்ணாடி அணிந்து உற்று நோக்கி, பிசுபிசுப்பான பஞ்சுத்துணுக்குப் போல் எதுவும் தென்பட்டால், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கச் சொல்லலாம். உற்று நோக்குவது நோயாளியின் பணி. துடைப்பதும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை தொட்டி மாற்றுவதும் தடித்த கையுறை அணிந்த மற்றொருவர் பணி. மாற்றும்போது செய்தித்தாளைப் பட்டையாக மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடித்தால் முள்ளும் தைக்காது, கம்பளியும் கலையாது.